ஜெல்லி மீனுக்குப் பட்டுத் தோல்

எலும்பு கிடையாது, மூளை கிடையாது, இதயம் கிடையாது, ரத்தம்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட ஒரு பிராணியைக் கட்டிக்கொண்டு தன் மகள் எதற்கு மாரடிக்கிறாள் என்பது கமலவேணிக்குப் புரிந்ததே இல்லை.

"அப்ப அது எப்டிடி உசிரோட இருக்குது?" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"சுருங்கி விரியுதும்மா. அவ்ளோதான்" என்றாள் கலைவாணி.

"அது போதுமா உசிருக்கு?"

"அதுக்குப் போதும்."

"மூளையில்லாம உசிரோட இருக்கறத பாக்கறதுக்குக் கடலுக்கு ஏங்க்கா போற? எங்க ஷிப்ட் சூப்பர்வைசர வந்து பாரு" என்றான் தம்பி ஆனந்தகுமார். சாப்பிட்டு முடித்துத் தறிக்குழியில் இறங்கிவிட்ட அப்பா குப்புசாமிகூட ஓடுகிற நாடாவைப் பிடித்து நிறுத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனந்து இருந்தவரை அந்த வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார்பாளையத்தில் நாலு வீடு தள்ளிக் கேட்கும் அவன் பேச்சு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போவான், வருவான், வந்ததும் அன்றைக்கு யார் யாரிடம் திட்டு வாங்கினார்கள் என்று நடித்துக் காட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் இரண்டு பேரோடு உத்திரமேரூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பழைய கல்குவாரிக்குக் குளிக்கப் போனான். கல்லையெல்லாம் எடுத்துக்கொண்டு யாரோ எப்போதோ விட்டுப் போன பள்ளம் அது. மழைத் தண்ணீரும் ஊற்றும் சேர்ந்து பச்சைப்பசேலென்று கிடக்கும். பார்த்தால் யாருக்கும் இறங்கத் தோன்றும், அதுதான் அதன் கெட்ட குணம். ஆனந்து பாறை விளிம்பிலிருந்து ஓடி வந்து குதித்தான். கூட்டாளி ஒருவன் அதைச் செல்போனில் எடுத்தான். குதித்தது படத்தில் இருக்கிறது. எழுந்து வந்தது இல்லை, ஏனென்றால் அவன் எழுந்து வரவில்லை.

தீயணைப்புப் படை ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. முங்கிப் பார்த்தார்கள், கொக்கி போட்டு இழுத்தார்கள், விசிறி வைத்த நீர்க்காமிரா ஒன்றைக்கூட இறக்கிப் பார்த்தார்கள். அடியில் படிந்திருந்தது மாவு மாதிரியான கல்தூள் சேறு. சின்ன விசிறி சுற்றினாலே போதும், அத்தனையும் கிளம்பிவிடும், காமிராவில் டீத்தண்ணி நிறம் தவிர ஒன்றும் தெரியாது. பாறைக்குள்ளே குடைந்த பொந்துகள் வேறு. அறுந்து போன இரும்புக் கயிறுகள் வேறு. இவ்வளவு ஆழத்தில் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் உடம்பு மேலே வராமலே போய்விடலாம் என்று அவர்களில் ஒருவர் பக்குவமாகத்தான் சொன்னார். குப்புசாமி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

காரணம் இருந்தது. ஓடிப் போன கூட்டாளிகளில் ஒருவன், முதல்நாள் பயத்தில், அந்தப் பக்கத்துக் கரையில் யாரோ ஏறிப் போன மாதிரி இருந்தது என்று உளறிவைத்தான். மறுநாளே, அப்படி யாரையும் பார்க்கவில்லை என்று அவனே அழுதான். குப்புசாமி முதல்நாள் பேச்சை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். மாதங்கள் போயின. கருமம் செய்து வைக்கிறவர் வீட்டுக்கு வந்து, உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஒரு உருவம் செய்து காரியத்தை முடிக்கலாம், சாஸ்திரத்தில் இடம் உண்டு என்று மெல்ல எடுத்துச் சொன்னார்.

"புல்லுக்கு நான் கொள்ளி வைக்கமாட்டேன். என் புள்ளயக் கண்ணால காட்டு, வைக்கிறேன்" என்றார் குப்புசாமி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கமலவேணி தினமும் சோறு வடித்ததும் முதல் பிடியை மதில்மேல் காக்கைக்கு வைப்பாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வழக்கம். ஒருநாள் அந்தப் பிடியோடு அவள் வாசலுக்குப் போகையில் குப்புசாமி குறுக்கே நின்றார்.

"யாருக்கு வைக்கிற? எங்கப்பன் ஆத்தாளுக்கா, இல்ல அவனுக்கா?"

கமலவேணி பிடியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் வூட்ல புதுசா யாரும் சாவல. காக்கா தன் சோத்த வேற எங்கனா பாத்துக்கட்டும்."

அன்றிலிருந்து அவள் மதிலுக்குப் போகவில்லை. ஆனால் முதல் பிடியை எடுப்பதையும் நிறுத்தவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து மூடி அடுப்பு மேடையில் வைப்பாள். சாயங்காலம் பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். அந்தச் சோறு எங்கே போகிறது என்று கலைவாணி கேட்டதில்லை. கேட்டால் அம்மா அழுவாள், அம்மா அழுதால் நைனா கத்துவார், அந்த வீட்டில் அப்போது எல்லாரும் எதையும் கேட்காமல் இருப்பதில்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் குவாரியை மூடப்போகிறார்கள் என்ற சேதி வந்தது. ஆனந்துவுக்கு முன்னாலும் அங்கே பிள்ளைகள் மூழ்கிப் போயிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள், நியாயமான மறியல்தான். புது ரோடு போடுகிற இடத்து மண்ணையும் இடித்த கட்டட ரப்பிஷையும் கொட்டி நிரப்புவது என்று முடிவாகிவிட்டது.

கேள்விப்பட்ட அன்று குப்புசாமி தறியில் உட்காரவில்லை. நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "கொட்டிட்டா அப்பறம் அவன் உள்ள இருக்கானா இல்லியான்னு எவன் வந்து சொல்லுவான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.  மகன் உயிரோடு இருப்பதாக அவர் நம்பவில்லை என்பது கலைவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. நம்பாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. பார்த்தால் ஒழிய இரண்டில் ஒன்றில் அவர் நிற்கமாட்டார், பார்க்காமலே அந்தப் பள்ளம் மூடிவிட்டால் ஆயுசுக்கும் நடுவிலேயே நிற்பார்.

"நான் காட்டறேன் நைனா" என்றாள். யோசிக்காமல்தான் சொன்னாள்.

அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தது. அங்கே அவளும் ஜான்சன் என்பவனும் சேர்ந்து ரப்பரில் ஜெல்லி மீன் செய்துகொண்டிருந்தார்கள். பவளப்பாறைகளின்மேல் எதையும் இடிக்காமல், மண்ணைக் கிளப்பாமல் மிதந்துகொண்டே படம் பிடிக்க ஒரு செயற்கைப் பிராணி வேண்டும் என்பது திட்டம். ஜெல்லி மீனிலே இரண்டு ஜாதி நீச்சல் உண்டு. உயரமான குடை உள்ளவை தண்ணீரை உள்ளே வாங்கி, குடையின் வாய் வழியாகப் பீய்ச்சி, அந்த உதையில் பாயும். தட்டையான குடை உள்ளவை அப்படிப் பாயாது, குடையின் ஓரத்தால் தண்ணீரை மெல்லத் துழாவித் தள்ளும். முதலாவது ஜாதியை ஒருதரம் செய்து தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள், பீய்ச்சிய பீய்ச்சலில் அடி மணல் முழுக்க மேலே வந்துவிட்டது. இரண்டாவது ஜாதி சோம்பேறி. ஆனால் அது அடிமணலுக்கு ஒரு சாண் மேலே போனாலும் ஒரு துளி மண் கிளம்பாது. கலைவாணிக்கு வேண்டியது அந்தச் சோம்பேறிதான்.

உருவத்துக்கு அவள் குட்டி ஜெல்லி மீனைப் பார்த்தாள். பிறந்த புதிதில் அதற்கு முழுக் குடை இருக்காது, எட்டு இதழ் மட்டும் இருக்கும், அந்த எட்டும் ஒரே நேரத்தில் மடங்கி விரியும். அவளுடையதும் எட்டு இதழ். ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஒரு குழாய், நடுவில் ஒரு சின்ன பம்ப். குழாயில் தண்ணீர் ஏறினால் இதழ் மடங்க வேண்டும். ஆனால் வெறும் ரப்பர் மடங்காது, பலூன் மாதிரி உப்பும். உப்பாமல் மடங்க வேண்டுமானால் ஒரு பக்கத்தில் நீளாத துணி ஒன்றை ஒட்ட வேண்டும். கடையில் வாங்கிய துணிகள் ஒன்று தடிமனாக இருந்தன, இல்லாவிட்டால் இழுத்த இழுப்புக்கு வந்தன. மெல்லிசாக, லேசாக, இழுத்தால் அசையாததாக என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அதன் நடுவிலேயே கிடந்தவளுக்கு அது கடைசியில்தான் ஞாபகம் வந்தது.

"பட்டு வேணும் நைனா. வெறும் துணி. பார்டர் வேணாம், ஜரிகை வேணாம், மெல்லிசா இருக்கணும்" என்று வீட்டில் வந்து சொன்னாள்.

"எம்மா நீளம்?"

"ரெண்டு முழம் போதும். ஆனா பாவுக்குக் கஞ்சி போடக் கூடாது."

குப்புசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பட்டுப் பாவை, அதாவது நீளவாக்கு இழைகளை, தெருவில் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்துக் காயவைத்து, அப்புறம்தான் தறியில் ஏற்றுவது. கஞ்சி இல்லாத இழை பஞ்சுபஞ்சாகப் பிரிந்து, தொட்டதற்கெல்லாம் அறும்.

"கஞ்சி போடாம எவன்மா நெய்வான்? நிமிஷத்துக்கு ஒருவாட்டி அறுந்துக்கினு இருக்கும்."

"கஞ்சி இருந்தா தண்ணில கரைஞ்சி போயிடும் நைனா. அதுமேல ஒட்டுன ரப்பர் கழண்டுக்கும். அதான் சொல்றேன்."

"சரி வுடு. அவனப் பாக்கறதுக்குன்னா, அறுந்தா முடிஞ்சிக்கறேன்."

கமலவேணி எதிரில் உட்கார்ந்து நாடாவுக்குள் போடுகிற தார்க்குச்சியில் இழை சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டினம் ஒரு நிமிடம் நின்றது, பிறகு சுற்றியது. அவளும் எல்லாவற்றையும் கேட்டாள் என்பதைக் கலைவாணி அப்போது கவனிக்கவே இல்லை.

குப்புசாமி அந்த இரண்டு முழத்தை நெய்ததைப் பார்த்திருக்க வேண்டும். முழுப் புடவை நெய்கிற நாளில் பாதி அதற்கே போயிற்று. அறுந்தது, முடிந்தார். மறுபடி அறுந்தது, மறுபடி முடிந்தார். கோபக்கார மனிதர், சாதாரணமாக ஓர் இழை அறுந்தாலே அந்த இழையின் பரம்பரையைத் திட்டுவார். இதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. முடித்து அறுத்துக் கமலவேணியிடம் கொடுத்து, பத்திரமாகச் சுருட்டி வை, பாப்பா காலையில் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார்.

காலையில் அம்மா துணியைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் பிரித்தபோது அது விறைப்பாக, மொடமொடவென்று, அழகாக இருந்தது. வேறு யாருடைய கையாக இருந்தாலும் அந்த விறைப்பில் சந்தேகம் வந்திருக்கும். கலைவாணியின் கை பிறந்ததிலிருந்து கஞ்சி ஏறிய பட்டையே தொட்டு வளர்ந்த கை. அந்த வீட்டுப் பட்டு என்றால் அப்படித்தான் இருக்கும், அந்தக் கைக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. முறைப்படி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். எண்ணெய் இருந்தால் ஸ்பிரிட்டில் போகும். கஞ்சி போகாது, அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். இழை நீளவாக்கில் ஓடும்படி எட்டு இதழாக வெட்டி, ரப்பரை ஊற்றி ஒட்டினாள். தொட்டியில் இருபது நிமிடம் விட்டுப் பார்த்தார்கள். எட்டு இதழும் ஒன்றுபோல மடங்கி விரிந்தன.

"கல்யாணப் பொண்ணு மாதிரி நடக்குதுங்க" என்றான் ஜான்சன்.

லாரிகள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அவர்கள் சனிக்கிழமை காலையில் போனார்கள். குவாரிக்குக் காவல் இருந்தவர் பெயர் சின்னப்பையன், தலையெல்லாம் நரைத்தவர். அவர் வாயிலைத் திறந்துவிட்டு, "பாத்துப்பா. போன சதுர்த்திக்குக்கூட ரெண்டு வண்டி புள்ளையார கொண்டாந்து இதுலதான் போட்டாங்க. உள்ள இன்னா இருக்குது, ஏது இருக்குதுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

குப்புசாமி ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். பாறைமேல் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பையின் வாய் விலகியிருந்தது, உள்ளே விபூதிப் பொட்டலமும் மடிப்புக் கலையாத ஒரு புது வேட்டியும் இருந்தன.  இத்தனை நாளும் என் வீட்டில் யாரும் சாகவில்லை என்று சத்தம் போட்டவர், மகனுக்குக் கோடித்துணியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

ஜெல்லி மீனைத் தண்ணீரில் விட்டாள். மெல்லிய கேபிள் ஒன்று அதன் வயிற்றிலிருந்து கரைக்கு வந்தது, படம் அதன் வழியாகத்தான் வரும். அந்தக் கேபிளின் முனையை இழுத்தால் பிய்ந்துவிடாமல் இருக்க ஓர் இதழின் பட்டோடு சேர்த்துத் தைத்திருந்தாள். ஜான்சன் கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். எட்டு இதழும் மடங்கின, விரிந்தன, மடங்கின, விரிந்தன. பச்சைத் தண்ணீரில் கொஞ்ச தூரம் அதன் விளக்கு தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

திரையில் முதலில் பச்சை, பிறகு கறுப்பு. விளக்கு வெளிச்சத்தில் பாறைச் சுவர் மெல்ல மேலே போனது. வெடி வைக்கப் போட்ட துளைகள் பாறையில் வரிசையாகத் தெரிந்தன. அரை மணிக்கு மேலாகி அது அடியை எட்டியபோது கலைவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மண் கிளம்பவில்லை. தீயணைப்புக் காமிராவால் பார்க்க முடியாத தரை கண்ணாடியில் பார்ப்பதுபோலத் துல்லியமாகக் கிடந்தது. சாம்பல் நிறச் சேறு, அதில் பாதி புதைந்த இரும்பு வாளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தும்பிக்கை உடைந்த ஒரு பிள்ளையார். அந்த ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காகப் பின்னால் அவள் தன்னையே வெறுத்தாள், ஆனால் இருந்தது உண்மை. செய்த பொருள் சொன்னதைச் செய்தது.

"அங்க நிறுத்து" என்றார் குப்புசாமி. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

ஒரு செருப்பு. கறுப்புச் செருப்பு, ஒற்றை.

"அவனுதுதான்."

"எல்லாரும் இதான் நைனா போடறாங்க."

"அவனுதுதாம்மா. வார பாரு."

வாரில் ஒன்றும் விசேஷம் இல்லை. கலைவாணி ஜெல்லி மீனைச் செருப்பைத் தாண்டி நகர்த்தினாள். பாறைச் சுவரில் அடியோடு ஒட்டி ஒரு பொந்து இருந்தது. இரும்புக் கயிறு ஒன்று சுருண்டு அதற்குள்ளே போயிற்று. பொந்துக்குள், விளக்கு எட்டுகிற எல்லையில், வெளிறிய ஏதோ ஒன்று. துணியா, தோளா, இன்னொரு பிள்ளையாரின் வயிறா. ஒவ்வொரு துடிப்புக்கும் விளக்கு கொஞ்சம் கிட்டே போனது. குப்புசாமியின் கை அவள் தோளை இறுகப் பிடித்தது.

"கிட்ட போ. இன்னும் கிட்ட போ."

அப்போதுதான் திரையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புகை வந்தது. மண் கிளம்பிவிட்டதோ என்று நினைத்தாள். மண் சாம்பல் நிறம், இது பால் நிறம். புகை கீழிருந்து வரவில்லை, மேலிருந்து, இதழ்களுக்கு அடியிலிருந்து வந்தது. ஓர் இதழ் மடங்கவில்லை. பக்கத்து இதழ் பலூனாக உப்பியது. படம் சாய்ந்தது. பொந்து திரையை விட்டு நழுவியது, பாறை தெரிந்தது, சேறு தெரிந்தது.

"இன்னா ஆச்சு? திருப்பு அத்த, திருப்புமா!" என்று கத்தினார் குப்புசாமி.

"தூக்கிடு ஜான்சன், மெதுவா!"

ஜான்சன் இழுத்தான். மெதுவாகத்தான் இழுத்தான். திரை அணைந்தது. கேபிள் லேசாகிவிட்டது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. முனை மேலே வந்தபோது அதில் தைத்திருந்த பட்டு இதழ் ஒன்று மட்டும் தொங்கியது. ரப்பர் ஒரு துணுக்குக்கூட அதில் இல்லை. வாழைப்பட்டையிலிருந்து உரித்த மாதிரி சுத்தமாகக் கழன்றிருந்தது.

கலைவாணி அதை விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். வழவழவென்று இருந்தது. முகர்ந்தாள். புளித்த சோற்று வாசனை.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கஞ்சி போட்டீங்களா நைனா? அம்மாந்தூரம் சொன்னேன் இல்ல? தலைப்பாடா அடிச்சிக்கினேன் இல்ல?"

"இல்லம்மா. ஏகாம்பரநாதர் சத்தியமா இல்ல."

"அப்ப இது இன்னா?"

அவர் இதழை வாங்கினார். விரலால் தடவினார். நெய்கிறவன் கைக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. பாவுக்குப் போட்ட கஞ்சி இழைக்குள்ளே ஊறியிருக்கும், இது நெய்த பிறகு துணியின் மேலே பூசியது. மேல்பக்கம், கீழ்ப்பக்கம், ஓரம் எல்லாம் சீராகப் பூசி, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிக் காயவைத்தது. அவ்வளவு பதமாகச் செய்யத் தெரிந்தவர்கள் வீட்டில் இன்னும் ஒருவர்தான் உண்டு. அவர் முகம் மாறியதைக் கலைவாணி பார்த்தாள். அடுப்பு மேடையில் தினமும் சாயங்காலம் கழுவிக் கவிழ்த்திருந்த சின்னக் கிண்ணம் அவள் நினைவுக்கு அப்போதுதான் வந்தது.

குப்புசாமி இதழை மடித்துப் பைக்குள் புது வேட்டிக்குமேல் வைத்தார்.

"இன்னொண்ணு பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"திங்கக்கெழமைக்குள்ள முடியாது நைனா."

"பொந்துல இருந்தது அவன்தானா?"

"தெரியல."

"உனக்கு இன்னா தோணுது?"

"தெரியல நைனா. சத்தியமா தெரியல."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "வூட்ல கஞ்சியப் பத்திப் பேசாத" என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். குப்புசாமி பையை ஆணியில் மாட்டிவிட்டு நேராகத் தறிக்குழியில் இறங்கினார், நெய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். கமலவேணி சமையலறை வாசலில் நின்றாள். என்ன ஆயிற்று, பார்த்தீர்களா, கிடைத்தானா என்று கேட்கவேண்டியவள் அதெல்லாம் கேட்கவில்லை. மகளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வேறொன்றைக் கேட்டாள்.

"ரொம்ப ஆழம் போச்சாடி?"

"அடிவரைக்கும் போச்சும்மா."

"அடில இருக்கச் சொல்லவா கரைஞ்சுது?"

 அம்மா கலைவாணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் செய்த தப்பின் நிழல்கூட இல்லை. கஞ்சி தண்ணீரில் கரைந்துவிடும் என்று மகள் சொன்னதில் அவளுக்குக் காதில் விழுந்தது அந்தப் பாதிதான். மீதிப் பாதி, ரப்பர் கழன்றுகொள்ளும் என்பது, அவளுக்கு ரப்பர்க்காரர்கள் பாடு.

"மொதப் புடி சோறுடி. அவங்கப்பா காக்காவுக்கும் வைக்க வுடல. கருமமும் பண்ண வுடல. எத்தினி மாசமா ஒரு பருக்க போவல அவனுக்கு. நீ எறக்கற மிசினுதான் அவங்கிட்ட போவும்னு சொன்ன. அதான் அத்தயே கரைச்சி, வடிகட்டி, துணில தடவி அனுப்சேன்." அவள் கலைவாணியின் கையைப் பிடித்தாள். "சொல்லுடி. கரைஞ்சுதா?"

உன்னால்தான் போயிற்று என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் பார்த்திருப்போம், அப்பா பார்த்திருப்பார், ஆயுசுக்கும் இனி பார்க்கமாட்டார், உன் ஒரு பிடிச் சோற்றால். இவ்வளவும் உண்மை. கலைவாணிக்கு அம்மாவைப் போட்டு உலுக்க வேண்டும்போல இருந்தது, அதே நேரத்தில் மடியில் விழுந்து அழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"கரைஞ்சுதும்மா. முழுசா கரைஞ்சுது. வெள்ளையா, பால் மாதிரி பரவுச்சு."

"அவன் இருக்கற எடத்துலயா?"

பொந்தும், வெளிறிய அந்த ஏதோ ஒன்றும், தும்பிக்கை உடைந்த பிள்ளையாரும் அவள் கண்முன்னால் வந்தன.

"ஆமாம்மா" என்றாள்.

கமலவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பல மாதங்களாக அந்த வீட்டில் யாரும் அப்படி நிம்மதியாக அழுததில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, சோற்றுப் பானையைத் திறந்து முதல் பிடியை எடுத்தாள். கிண்ணத்தில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, தறியைக் கடந்து, கணவனை நிமிர்ந்து பார்க்காமல் வாசலுக்குப் போனாள். மதில்மேல் சோற்றை வைத்தாள்.

"கா, கா, கா" என்று கூப்பிட்டாள். மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்.

காக்கை ஒன்று எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரிலிருந்து பறந்து வந்து மதிலில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. சோற்றில் வாயை வைக்கப் போனது.

தறிக்குழியிலிருந்து குப்புசாமி எழுந்து ஓடி வந்தார். அந்த வயதில் அவர் அப்படி ஓடிக் கலைவாணி பார்த்ததில்லை. இரண்டு கையையும் ஓங்கித் தட்டி, "சூ! போ! போ!" என்று காக்கையை விரட்டினார். அது பயந்து எழும்பிப் போயிற்று. கஞ்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவைத் திட்டவும் இல்லை. மதிலருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் பாக்கல. நான் பாக்கல கமலா" என்றார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் கலைவாணி நின்றாள்.

திங்கட்கிழமை லாரிகள் வந்தன. புது ரோட்டு மண்ணும், இடித்த சுவர்களும், ஓட்டைத் தண்ணீர்த் தொட்டிகளும் கொட்டக் கொட்டப் பச்சைத் தண்ணீர் முதலில் மேலே ஏறி, பிறகு சேறாகி, பிறகு தரையாகிவிட்டது என்று சின்னப்பையன் போனில் சொன்னார். எட்டு இதழில் ஏழு இதழும் ஒரு காமிராவும் அதற்கடியில் எங்கேயோ இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கலைவாணி இப்போது வேறொன்று செய்கிறாள், அதற்குக் கடையில் வாங்கிய துணிதான்.

கமலவேணி தினமும் மத்தியானம் முதல் பிடியை மதிலில் வைக்கிறாள். குப்புசாமி தினமும் தறியை விட்டு எழுந்து வந்து காக்கையை விரட்டுகிறார். ஒருவரை ஒருவர் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. காக்கை பாவம், அதற்கு என்ன தெரியும், எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் உள்ளே போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் போவதில்லை.